எடின்பரோல ரெண்டு நாள், எந்த மைதானம்?

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

நான்: எல்லாருக்கும் ஒரு கேள்வி. அடுத்த மாசம் ஆபீஸ் வேலையா எடின்பரோ போறேன். கடைசி ரெண்டு நாள், ஞாயிறும் திங்களும், எனக்கே எனக்கு. கோல்ஃப் ஆடணும். ஒரே ஒரு மைதானம்னா எது?

பெரியப்பா: இதுல கேக்க என்னம்மா இருக்கு? செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல இருக்குற ஓல்ட் கோர்ஸ்.

சித்தப்பா: அண்ணா, ஞாயித்துக்கிழமை அங்க ஆட்டம் கிடையாதே.

பெரியப்பா: தெரியும்டா. திங்கக்கிழமை ஆடட்டும்.

சித்தப்பா: அதுக்குக் குலுக்கல்ல பேர் வரணும். ரெண்டு நாள் முன்னாடியே பேர் குடுக்கணும், அதுவும் குறைஞ்சது ரெண்டு பேரா சேர்ந்து. இவ தனியாப் போறா. தனியா வர்றவங்களுக்குன்னு வேற ஏற்பாடு இருக்கு, ஆனா கிடைச்சாத்தான் உண்டு. இருக்குறதே ஒரு நாள், அதை அப்படி விட்டுப் பாக்கக் கூடாது. நார்த் பெரிக் போம்மா. அங்க வெஸ்ட் லிங்க்ஸ்னு மைதானம். எடின்பரோல இருந்து ரயில்ல அரை மணி நேரம்தான். இறங்கி, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தே போயிடலாம்.

அத்தை: ரெண்டு பேரும் தொடங்கியாச்சா 😄 அவ பாவம், காரணத்தோட சொல்லுங்க.

பெரியப்பா: சொல்றேன். நான் ஆடின மைதானத்துலயே ஓல்ட் கோர்ஸ் மாதிரி ஒண்ணு கிடையாது. முதல் டீல, அதாவது முதல் அடி அடிக்கிற இடத்துல, நின்னா முன்னால ஒரு பெரிய வெட்டவெளி. ஒண்ணாவது ஹோலுக்கும் பதினெட்டாவதுக்கும் ஒரே புல்வெளிதான், நடுவுல வேலி, மரம் எதுவும் இல்ல. ரொம்ப சுலபம்னு தோணும். அப்புறம்தான் ஸ்வில்கன் ஓடை கிரீனுக்கு (குழியும் கொடியும் இருக்குற வழுவழு புல்தரை) ஒட்டி முன்னாடியே ஓடுறது கண்ணுல படும்.

பெரியப்பா: அங்க ஏழு கிரீன் இரட்டை கிரீன். போற வழி ஹோலும் திரும்புற வழி ஹோலும் ஒரே கிரீன்ல. ரெண்டு நம்பரையும் கூட்டினா 18 வரும். 2ம் 16ம், 3ம் 15ம், இப்படி. நம்ம ஆடிட்டு இருக்கும்போது அதே கிரீனோட அந்தக் கோடியில வேற ஒரு குரூப் பட் பண்ணிட்டு, பந்தைக் குழிக்கு உருட்டிட்டு, இருப்பாங்க. தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம் போட்டுப்போம். எனக்கு அது ரொம்பப் பிடிச்சது.

நான்: பெரியப்பா, அந்த ரோட் ஹோல்?

பெரியப்பா: 17. டீ ஷாட்டே ஹோட்டல் பக்கத்துக் கொட்டகைக்கு மேல அடிக்கணும், பந்து எங்க விழுதுன்னு தெரியாது. கிரீன் ஒடுக்கம். முன்னாடி இடது பக்கம் பங்கர்ங்கற மணல் குழி, பின்னாடி ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல் சுவர். 1978 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில ஜப்பான்காரர் டாமி நகாஜிமா கிரீனுக்கு வந்துட்டார். பட் பண்ணின பந்து சரிஞ்சு அந்தப் பங்கருக்குள்ள போயிடுச்சு. அந்த ஒரு ஹோலை முடிக்கவே 9 ஷாட் ஆயிடுச்சு. நான் ஆடினப்போ, பை தூக்கிட்டு வழி சொல்ற கேடி கொடியைக் காட்டவே இல்ல. "கிரீனோட வலது முனைக்குக் கீழ வச்சுக்குங்க, அங்கேருந்து பட்டரால (உருட்டுற மட்டை) உருட்டுங்க"ன்னார். அப்படியே செஞ்சேன். பந்து மேட்டுல ஏறி, ஒரு நொடி நிக்கப் பாத்து, இடது பக்கம் வளைஞ்சு கிரீன் மேல போச்சு. ஆகாயத்துல பறக்க விடாம தரையிலயே உருட்டி ஆடுறது எவ்வளவு அழகுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

சித்தப்பா: இதுல நானும் அண்ணா கட்சிதான். லிங்க்ஸ்னா, அதாவது கடலோர மணல் நிலத்து மைதானம்னா, தரை ஆட்டம். அடியில மணல், மழைத்தண்ணி உடனே இறங்கிடும், புல் குட்டையா இறுக்கமா இருக்கும். பந்து விழுந்த அப்புறம்தான் பாதி ஆட்டமே.

சித்தப்பா: ஆனா அந்தத் தரை ஆட்டத்தை முழுசா அனுபவிக்கணும்னா நார்த் பெரிக்தான். 13ஆவது ஹோல்ல கிரீனுக்குக் குறுக்க குட்டையா ஒரு பழைய கல் சுவர். மைதானம் வந்தப்போ சுவரை இடிக்கல, அதுக்குப் பின்னாடி பள்ளத்துல கிரீனை வச்சுட்டாங்க. இருக்குற நிலத்தை அப்படியே ஏத்துக்கிட்ட மனசு அது. இப்போ புதுசா மைதானம் போடுறவங்க புல்டோசரோட வர்றாங்க.

அண்ணன்: சித்தப்பா, 15 பத்தி சொல்லுங்க. நம்ம போன நாள்.

சித்தப்பா: அந்த ஹோலுக்குப் பேர் ரெடான். உலகத்துல அதிகமா நகல் எடுத்த ஹோல்கள்ல ஒண்ணு. அமெரிக்காவுல மைதானம் வடிவமைக்கிற சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் தன்னோட நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் மைதானத்துல 4ஆவது ஹோலா இதைக் கட்டினார். கிரீன் நமக்கு நேரா இருக்காது. வலது முன்னாடியில தொடங்கி இடது பின்னாடி போகும், சரிவும் அந்தப் பக்கமே. இடது முன்னாடி ஆழமான பங்கர். கொடியைப் பாத்து அடிச்சா பங்கர், இல்லன்னா பின்னாடி ஓடிடும். கிரீனோட வலது பக்க மேட்டுல இறக்கி விட்டா நிலமே பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அண்ணன்: அன்னைக்குக் காத்து இடது பக்கத்துல இருந்து. சித்தப்பா "இன்னும் தூரம் போற கிளப்பா எடு, பாதி வீச்சு போதும்"னார். பந்து தாழ்வாப் போய், மேட்டுல ஒரு தடவை குதிச்சது தெரிஞ்சுது. அப்புறம் காணோம். டீல இருந்து கிரீனோட தரை தெரியாது, முன்னாடி மேடு மறைக்கும். அங்க நடந்துபோற வரைக்கும் ரெண்டு பேரும் பேசவே இல்ல.

நான்: அண்ணா, அப்புறம்??

அண்ணன்: குழியிலிருந்து ரெண்டு அடி. சித்தப்பா என்னை விட அதிகமா சந்தோஷப்பட்டார். எத்தனையோ மைதானம் ஆடியாச்சு, கண்ணை மூடினா அந்த நடைதான் வருது.

சித்தப்பா: கடலைப் பத்தி சொல்லாம விட்டியே. எதிர்ல பாஸ் ராக். கோடையில பாறையே வெள்ளையாத் தெரியும், கேனட் பறவைங்க. 

பெரியப்பா: நல்ல மைதானம்தான்டா, இல்லேங்கல. ஆனா அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921ல ஓல்ட் கோர்ஸ்ல கோவிச்சுக்கிட்டு 11ஆவது ஹோல்ல ஆட்டத்தையே விட்டுட்டுப் போனவர். 1927ல திரும்பி வந்து அங்கயே ஓப்பன் ஜெயிச்சார். அந்த மண்ணுல கால் வைக்காம எப்படி விட முடியும்?

அத்தை: அண்ணா, கால் வைக்கத்தான் ஞாயித்துக்கிழமை இருக்கே! புல்லுக்கு ஓய்வுன்னு ஆட்டத்தை நிறுத்திட்டு, ஊர் சனத்துக்குத் திறந்து விட்டுடுவாங்க. நீங்க எல்லாரும் ஆடினதைப் பேசுறீங்க, நானும் உங்க மாமாவும் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அங்க நடந்தோம். ஆடுற புல்வெளியில நாய் ஓடுது, பிள்ளைங்க ஓடுது. ரோட் ஹோல் பங்கர் ஓரத்துல போய்க் குனிஞ்சு பாத்தேன். சுவர் செங்குத்து. புல்கட்டியைச் செங்கல் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருக்காங்க, வரி வரியாத் தெரியுது. டிவியில இது தெரியவே தெரியாதும்மா. 18 கிரீன் முன்னாடி இருக்குற பள்ளமும் டிவியில தெரியாது.

பெரியப்பா: அந்தப் பள்ளத்துக்குப் பேர் வேலி ஆஃப் சின், பாவப் பள்ளத்தாக்கு. 1995 ஓப்பன்ல கோஸ்டான்டினோ ரோக்கா அதுக்குள்ள இருந்து பட்டர்லயே உருட்டி உள்ள போட்டு, ஜான் டேலியோட சமன் பண்ணி, ஜெயிச்சது யாருன்னு முடிவு பண்ற பிளேஆஃப் வரைக்கும் போனார்.

அத்தை: அதேதான். அதுல நீ நின்னு பாரு. இன்னொண்ணு, அங்க ஹிமாலயாஸ்னு ஒரு பட்டிங் கிரீன் இருக்கு, 1867ல பெண்கள் தொடங்கின கிளப்போடது. தரை முழுக்க மேடும் பள்ளமும். பட்டரை வாடகைக்கு வாங்கிட்டு யார் வேணா ஆடலாம். நாங்க தங்கியிருந்தப்போ ஒரு நாள் இருட்டுற வரைக்கும் ஆடினோம். ஆட்டமே தெரியாத உங்க மாமாவை வெளிய கூட்டிட்டு வர முடியல. என்னைக் கேட்டா, ஞாயிறு செயின்ட் ஆண்ட்ரூஸ்ல நட. திங்கள் நார்த் பெரிக்ல ஆடு.

நான்: அத்தை 🙏🙏 இதுதான் சரி. பெரியப்பா, சம்மதமா?

பெரியப்பா: சம்மதம்மா. ஆனா முதல் டீல இருந்து வரிசையா நட. ஏழாவது வந்ததும் ஹோலெல்லாம் சுத்திக்கும், 7ம் 11ம் ஒண்ணை ஒண்ணு வெட்டும். அங்க வழி விட்டுடாத. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது, லூக்கர்ஸ்ல இறங்கி பஸ் பிடி.

சித்தப்பா: நார்த் பெரிக்குக்கு இன்னைக்கே எழுதி நேரம் கேளு. சீசன்ல சீக்கிரம் நிரம்பிடும்.

நான்: இப்பவே அனுப்புறேன் சித்தப்பா. கிளப் எல்லாம் கொண்டு போகவா?

சித்தப்பா: பாதிப் பை போதும். பந்தை உயரத் தூக்கி விடுற லாப் வெட்ஜ் வேண்டாம், 7 அயர்ன் கிளப்பும் பட்டரும் கட்டாயம். 16ல கிரீன் நடுவுல பெரிய பள்ளம் ஒண்ணு ரெண்டாப் பிரிக்கும். கொடி எந்தப் பாதியிலன்னு பாத்துட்டு அடி. 18ல வலது ஓரம் முழுக்க கார் நிக்கும், இடது பக்கமே குறி வை.

அண்ணன்: 13ல பந்து சுவரை ஒட்டிக் கிடந்தா தாண்டப் பாக்காத. பக்கவாட்டுல தட்டி வெளிய எடுத்துட்டு, அடுத்த அடியில தாண்டு.