ஈட்டா அக்விலே: ஒளி வளைகோடு வரவே மாட்டேங்குது, உதவி வேணும்

வணக்கம். பினாங்கில் இயற்பியல் இளங்கலை இறுதியாண்டு. ஈட்டா அக்விலே என்ற செஃபீடு (சீராக விரிந்து சுருங்கி ஒளி மாறும்) விண்மீனின் ஒளிமாற்றத்தை அளந்து, நாள்வாரியாக வரைபடமாக்குவதுதான் (அதுதான் ஒளி வளைகோடு) என் ஆய்வுத் திட்டம். 7.18 நாளுக்கு ஒருமுறை அதன் ஒளியளவெண் (magnitude, எண் கூடினால் மங்கல்) ஏறக்குறைய 3.5க்கும் 4.4க்கும் இடையே மாறும். வெறுங்கண்ணுக்கே தெரியும், சுலபம் என்று நினைத்து எடுத்தேன். ம்ம்.

கேனன் 1300டி, 50 மி.மீ. லென்ஸ், முக்காலி. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடி. ஐந்து வாரத்தில் மேகம் விட்டது பதினொரு இரவுதான்.

வரைபடத்தில் புள்ளிகள் 0.3 ஒளியளவெண் வரை சிதறுகின்றன. ரா கோப்பு, பச்சை நிறம் மட்டும், ஐஎஸ்ஓ 1600இலிருந்து 400, ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்தது, டார்க் ஃபிரேம் (கேமரா இரைச்சலைக் கழிக்க மூடிபோட்டு எடுக்கும் படம்), வெள்ளைச் சட்டையை (அம்மா தேடிய சட்டை) லென்ஸில் போர்த்தி ஃபிளாட் ஃபிரேம் (லென்ஸின் ஒளிச் சீரின்மையைத் திருத்தும் படம்) எல்லாம் பார்த்தாச்சு. இதில் உதைப்பது: ஒப்பிட எடுத்த, ஒளி மாறாத பீட்டா, அயோட்டா அக்விலே விண்மீன்களுக்கு இடையே 0.65 வித்தியாசம் வர வேண்டும். எனக்கு ஓரிரவு 0.5, மறுநாள் 0.85. அப்படியென்றால் தப்பு ஈட்டாவில் இல்லை.

ஒவ்வொரு இரவும் 5 விநாடிப் படம் நாலைந்துதான் எடுக்கிறேன். அடுத்த மாதம் மேற்பார்வையாளரிடம் வரைபடம் காட்டணும்.

இது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகமா, இல்லை படங்களின் எண்ணிக்கை போதாததா? எப்படிப் பிரித்தறிவது?