மாரிக் கூதலுக்க மறக்க ஏலாத ஒரு சூடு: உங்கட அனுபவத்தச் சொல்லுங்க

படுவான்கரைப் புள்ள:

ரெண்டு கிழமையா விடாம அடிக்குது, தகரத்தில விழுற சத்தத்துக்கு வீட்டுக்க ஆள் பேசுறது ஆளுக்குக் கேக்குதில்ல. நேத்து ராவு கொத்தமல்லி அவிச்சு வாயில வச்ச உடனே எனக்கு 2011 வந்திட்டு. யாரிட்டயும் முழுசாச் சொன்னதில்ல, எழுதிப் பாக்கன்.

எங்கட மட்டக்களப்பில 2011 ஜனவரி வெள்ளத்தப் பத்தி உங்களுக்குச் சொல்லத் தேவல்ல. வேளாண்மை குடலைப் பருவம், எல்லாம் தாண்டு போச்சு, வளவுக்க இடுப்பளவு தண்ணி, நாங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டம். வகுப்பெல்லாம் ஆக்கள் நிறைஞ்சதால எங்களுக்கு விறாந்தைதான். எனக்கு அப்ப 17. பாவாடை நனைஞ்சது காயவேயில்ல, மாத்த உடுப்பில்ல, வாடைக் காத்து சாரல அள்ளிக்கொண்டு வந்து அடிக்குது, பல்லு கிட்டிப் போய் வாயத் திறக்க ஒண்ணா.

விறாந்தை மூலையில ஒரு ஆச்சி மூணு கல்லு வச்சு நெளிஞ்ச கேத்தில்ல என்னமோ அவிச்சுக்கொண்டு இருந்தா. எங்கட ஊர் ஆள் இல்ல. என்னப் பாத்திட்டு "இஞ்ச வா மன" எண்டா. கோப்பை ஒண்டும் இல்ல, ஒரு சிரட்டைய முந்தானையால துடைச்சு அதில ஊத்தி என்ட ரெண்டு கையிலயும் தந்தா, தந்திட்டு விடல்ல. அவட கையால என்ட கையச் சுத்திப் பிடிச்சுக்கொண்டே இருந்தா, என்ட நடுக்கம் நிக்கும் மட்டும். மறுகாதான் உள்ளங்கையில ஒரு துண்டு சக்கரை வச்சு "கடிச்சுக் கடிச்சுக் குடி" எண்டா. அந்தச் சூடு தொண்டையால இறங்கி வயித்துக்க போன வழிய இப்பவும் என்னால விரலால காட்ட ஏலும்.

முடிச்சிட்டு நான் "இன்னும் இரிக்கா ஆச்சி?" எண்டு கேட்டிட்டன். மிச்சத்தையும் ஊத்தித் தந்தா. நான் குடிச்சு முடிச்ச பிறகு பாக்கன், அவ கேத்திலுக்க கொஞ்சம் மழைத் தண்ணிய விட்டு, அலசி, அந்த அலசின தண்ணியச் சிரட்டையில ஊத்திக் குடிக்கா.

விடிய மாமா உழவு மெசின் கொண்டு வந்து எங்களக் களுவாஞ்சிகுடிக்கு ஏத்திப் போயிட்டார். சொல்லிட்டும் வரல்ல.

வட்டைக்காரன்:

தங்கச்சி, வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சிட்டன்.

என்ட கதை திருக்கோவில் பக்கத்து வட்டையில, வயல்வெளியில நடந்தது. தை மாசக் காவல், கதிர் பால் பிடிக்கிற நேரம், யானை வாற நேரமும் அதுதான், கையில ஒரு ரோச்சும் ரெண்டு யானை வெடியும். வாடிக்கு முன்னால தணல் போட்டு மரவள்ளிக்கிழங்கத் தோலோட உள்ளுக்க புதைச்சு வைப்பார் அப்பா. சாமத்தில அதக் கிண்டி எடுத்து ரெண்டாப் புட்டா ஆவி மூஞ்சில அடிக்கும் பாருங்க, அந்த ஆவிக்காகவே நான் முழிச்சிருப்பன். தொட்டுக்க உப்பும் கொச்சிக்காயும் இடிச்சது. வேற எந்தச் சாப்பாடும் எனக்கு அவ்வளவு ருசிச்சதில்ல, சொல்லப்போனா கலியாண வீட்டுச் சாப்பாடு கூட.

ஆனா நான் எழுத வந்தது கிழங்கப் பத்தி இல்ல. அப்பா எந்த ராவும் வடக்குப் பக்கமாத்தான் குந்தியிருப்பார், நான் அவருக்கு இந்தப் பக்கம், தணலோட ஒட்டி, சாக்கையும் எனக்குத்தான் போர்த்தி விடுவார். யானை வாற பக்கம் அதாக்கும், பாத்துக்கொண்டு இரிக்கார் எண்டுதான் நான் நினைச்ச. காடு எங்களுக்கு மேற்கால. யானை மேற்கால இருந்துதான் வாற. வடக்கால வாறது வாடை மட்டும்தான். இது எனக்கு விளங்கினது என்ட மகனக் கூட்டிக்கொண்டு காவலுக்குப் போன அண்டைக்கு, நானே அறியாம வடக்கால குந்தின பிறகு.

ரொறன்ரோ மட்டக்களப்பான்:

எல்லாரும் நல்லா எழுதுறீங்க, ஆனா ஒண்டு சொல்லோணும், கோவிக்காதீங்க. நீங்க சொல்லுற கூதல் 21, 22 பாகை. இஞ்ச நான் பஸ்சுக்கு நிண்டது மைனஸ் 20இல. மூக்குக்க இருக்கிற மயிரே உறைஞ்சு குத்தும். மார்கழியில பின்னேரம் அஞ்சு மணிக்கு முதலே இருட்டு, நவம்பர்ல தொடங்கினா மார்ச் தாண்டியும் போகும், சில வருசம் ஏப்ரல்லயும் ஸ்னோ கொட்டும். கூதல் எண்டா அதுதான் கூதல், ஊரில இருக்கிறது மழை.

என்ட முதல் வின்ரர், ஒரு பேஸ்மென்ற்றில ஆறு பேர், மூணு பேர் பகல் வேலை, மூணு பேர் ராவு வேலை, கட்டில்ல சூடு ஆற முதல் அடுத்த ஆள் படுப்பான். அம்மா ஊரில இருந்து கோப்பித்தூள் அனுப்பியிருந்தா, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) போட்டு உரலில இடிச்சது. பொதிய வெட்டின உடனே ராவு வேலைக்குப் போயிட்டு வந்து படுத்திருந்தவனும் எழும்பி வந்திட்டான். ஒருத்தரும் பேசல்ல. பொதியக் கை மாத்தி மாத்தி மணந்து பாத்தம். அவிக்கிறதுக்கு முதல் அரை மணித்தியாலம் அப்படியே போச்சு.

மாட்டுக்காரர்ட மகள்:

ரொறன்ரோ அண்ணன், உங்கட கோப்பிக் கதைக்கு ஒண்டும் சொல்லல்ல, ஆனா "ஊரில இருக்கிறது மழை" எண்டத ஏத்துக்க ஒண்ணா. நீங்க காய்ஞ்ச உடுப்போட, ஜக்கற்றோட குளிருக்க நிக்கிறீங்க, வீட்டுக்க போனா ஹீற்றர். இஞ்ச உடம்பு நனைஞ்சது நனைஞ்சபடி. தண்ணி உடம்புச் சூட்டக் காத்த விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா இழுத்துப்போடும், அதோட வாடையும் அடிச்சா 20 பாகையே ஆளக் கொல்லப் போதும். எங்கட வீட்டுக்குச் சுவருமில்ல, கிடுகு வேலி. கூதலுக்கெண்டு கட்டின வீடா இஞ்ச இரிக்கி?

நம்பாட்டி 2022 டிசம்பர் 8ஆம் 9ஆம் திகதிய நினைச்சுப் பாருங்க. மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துப் பக்கம் போய்க் கரை ஏறினது, ஆனா அது இழுத்து வந்த குளிர் காத்து வடக்கு கிழக்கில எத்தின மாட்டக் கொண்டு போச்சு. மேய்ச்சல் தரையில நிண்டது நிண்டபடி விழுந்ததுகள். எங்கட அப்பா அண்டைக்குக் காலையில பட்டிக்குப் போயிட்டு வந்து வாசல்ல நிண்டார், தோளில ஒரு கண்டு, பிறந்து நாலஞ்சு நாள்தான், தலை தொங்கிப் போய் இரிக்கி. தாய் செத்திட்டு.

குசினிக்க வைக்கல் போட்டுக் கிடத்தி, நானும் அம்மாவும் சாக்கால தேய்ச்சம், தேய்ச்சம், கை ரெண்டும் எரியுது. காது ரெண்டும் ஐஸ் மாதிரி. உமித் தணல் சட்டியில போட்டு வயித்துப் பக்கமா வச்சம். அம்மா "விடு புள்ள, இது நில்லாது" எண்டிட்டா. நான் சும்மா அதிட வாயுக்க விரல வச்சுப் பாத்த, நாக்கும் குளிர். கொஞ்ச நேரத்தால அந்த நாக்கு என்ட விரலச் சுத்தி ஒருக்கா இழுத்துது. ஒருக்காத்தான். நான் கத்தின சத்தத்துக்கு அப்பா முத்தத்தில இருந்து ஓடி வந்தார், செத்திட்டெண்டு நினைச்சு.

அது இப்ப ஒரு கண்டு போட்டிட்டு.

வாட் டியூட்டி:

எல்லாரும் தணல், உமிச் சட்டி எண்டு எழுதுறதால சொல்லாம இரிக்க ஏலாது. மூடின அறைக்க தணல் சட்டி வைக்க வேண்டாம், தயவு செஞ்சு. அதில வாற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல, தலையிடி மாதிரி வந்து நித்திரை தூங்குற மாதிரி இருக்கும், அப்படியே எழும்பாம விட்டிடுவாங்க. கதவு ஜன்னல் திறந்திருக்கோணும், படுக்கப் போகேக்க சட்டிய வெளிய வச்சிடுங்க. கிடுகு வேலி வீடெண்டா காத்து வரும், ஆனா இப்ப கனபேருக்குக் கல் வீடு.

வட்டைக்கு இறங்குற ஆக்கள் கால் வெடிப்பு, கீறல் காயத்தோட சேத்துக்க நிக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அதாலதான் உள்ளுக்க போகுது. காய்ச்சலோட கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு எண்டா பனடோலப் போட்டிட்டு வீட்டில கிடக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க, வேளாண்மை வேலை செய்யிற ஆள் எண்டதையும் டொக்டருக்குச் சொல்லுங்க. வயல் வேலை தொடங்கிறதுக்கு முதலே பிஎச்ஐயிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டா டொக்சிசைக்ளின் குளிசை பத்தி விளங்கப்படுத்துவாங்க, கர்ப்பிணித் தாய்மார் கேக்காம எடுக்கக்கூடாது. சின்னப் புள்ளைகளுக்கு மல்லித் தண்ணிக்குத் தேன் விட்டுக் குடுக்கிறவங்க, ஒரு வயசுக்குக் கீழ தேனே வேண்டாம்.

கொத்தமல்லி அவிக்கிறதும் பிழையாத்தான் கனபேர் செய்யிறாங்க. ரெண்டு மேசைக்கரண்டிய மணம் வாற மட்டும் வறுத்து, சின்ன விரல் நீளம் வேர்க்கொம்ப இடிச்சு, மிளகு அஞ்சாறு, மூணு கோப்பைத் தண்ணி ஒண்டரையா வத்தோணும். வறுக்காட்டி அது மருந்தே இல்ல.

என்ட அனுபவம் சின்னது. நைற் டியூட்டியில, மழை ராவு, வாட்டில ஒரு அம்மா தன்ட போர்வைய மடிச்சு என்ட மேசையில வச்சிட்டு "நீ போத்து மகள், எனக்குக் காய்ச்சல் சூடு காணும்" எண்டா.

அக்கரைப்பற்றான்:

நேர்ஸ் அக்கா, கடைசி ரெண்டு வரிய முதல்ல எழுதியிருக்கலாம்.

எங்கட வாப்பா கடல் தொழில். மாரி எண்டா கடல் கிடக்கிற கிடைக்கு வள்ளம் இறக்க ஏலா, மாசக் கணக்கில வருமானம் இல்ல. ஸ்கூல் சேட் எனக்கு ஒண்டுதான். சேறு பிரண்டு போட்டு வருவன், உம்மா ராவைக்கே கழுவிப் போடுவா, இந்த மழைக்க எங்க காயும். சுபஹுத் தொழுதிட்டு சிரட்டைக்கரி மூட்டி அயன் பெட்டியில போட்டு, ஈரச் சேட்ட அயன் பண்ணியே காய வைப்பா. சர்ர் எண்டு ஆவி வரும். நான் வெறும் மேலோட பக்கத்தில நடுங்கிக்கொண்டு நிப்பன். கடைசி இழுப்பு இழுத்த கையோட "கையத் தூக்கு" எண்டு சொல்லி அந்தச் சூட்டோடயே போட்டு விடுவா, முதுகில படேக்க, யா அல்லாஹ், அந்தச் சுகம். பொத்தானும் சுடும். குடையில்லாம ஸ்கூலுக்கு ஓடுவன், வாசலுக்குப் போக முதல் திரும்ப நனைஞ்சிடும், அது உம்மாவுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒரு நாளும் ஈரச் சேட்டோட என்ன அனுப்பல்ல.

இப்ப வீட்டில வோசிங் மெசின், ட்ரையர் எல்லாம் இரிக்கி. போன கிழமை ட்ரையருக்க இருந்து சேட்டச் சூட்டோட எடுத்துப் போட்டன். சூடு இருந்திச்சு. பொத்தான் சுடல்ல.

சேமக்கலம்:

திருவெம்பாவைய ஒருத்தரும் சொல்லாம விட்டிட்டீங்களே. மார்கழியில பத்து நாள், விடியச் சாமம் மூணரைக்கு எழும்பிக் கிணத்துத் தண்ணி அள்ளி ஊத்தினா, ஆக்கள் நம்ப மாட்டாங்க, மாரியில கிணத்துத் தண்ணி வெதுவெதுப்பா இருக்கும், ஊத்தி முடிய வெளிய நிக்கிறதுதான் கூதல். சங்கும் சேமக்கலமும் (தட்டி அடிக்கிற வெண்கலத் தட்டு) தூக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாப் பாடிக்கொண்டு போவம், ஒவ்வொரு படலையிலயும் குப்பி விளக்கு எரியும். கோயிலுக்குத் திரும்பி வந்தா கடலையும் கோப்பியும். ரொறன்ரோ அண்ணன், கோப்பி எண்டா அங்கதான், பொதிக்க இல்ல.

எனக்கு மனசில கிடக்கிறது ஒரு படலை. ஒரு ஐயா, படுக்கையில கிடந்தவர், நாங்க அவர்ட வாசலுக்கு வாற நேரம் பாத்து யன்னலுக்கால கைய மட்டும் வெளிய நீட்டுவார். சேமக்கலத்த அவர்ட கைக்குக் கிட்டப் பிடிப்பன், அவர் விரலால ஒரு தட்டுத் தட்டுவார், சத்தமே வராது. பத்து நாளும் செஞ்சம்.

ரொறன்ரோ மட்டக்களப்பான்:

மாட்டுக்காரர்ட மகள், நீங்க சொன்னது சரி, ஈரத்த நான் மறந்திட்டன். இஞ்ச வந்து 20 வருசத்துக்கு மேல. கண்டுட படம் இருந்தாப் போடுங்க.

சேமக்கலம் தம்பி, பொதிக் கோப்பியப் பத்தி மட்டும் நான் விட்டுத் தர மாட்டன்.

படுவான்கரைப் புள்ள:

எல்லாத்தையும் ரெண்டு தரம் வாசிச்சன். வட்டைக்காரன் அண்ணன், இனி வாடை அடிச்சா உங்கட அப்பாட முதுகுதான் ஞாபகம் வரும்.

நேர்ஸ் அக்காவுக்கு ஒண்டு. நீங்க சொல்லுற மாதிரி வறுத்து, மிளகு போட்டு, எத்தினயோ தரம் அவிச்சிருக்கன், நல்லாத்தான் வரும், ஆனா அந்த ருசி வந்ததே இல்ல. அவட கொத்தமல்லி வறுத்ததில்ல, மிளகும் இல்ல. தண்ணிக்க நனைஞ்ச பையில இருந்து அள்ளி அப்படியே போட்டிருப்பா, வறுக்க அங்க சட்டி ஏது. நேத்து ராவு கரண்ட் இல்ல, அவசரத்தில நானும் கழுவின கொத்தமல்லிய வறுக்காமப் போட்டிட்டன். அதாலதான் இவ்வளவும் வந்தது. மருந்து இல்லாட்டியும் பரவாயில்ல அக்கா, நான் இனி அப்படித்தான் அவிப்பன்.

ஆச்சிட பேர் தெரியாது, ஊர் தெரியாது. மெலிஞ்ச ஆள், காதில தோடு இல்ல, ஓட்டை தூராம இருக்க ஈர்க்குத் துண்டு குத்தியிருந்தா. இருந்தா இப்ப 80 தாண்டியிருக்கும். மண்டூர், வெல்லாவெளிப் பக்கம், ஆத்துக்கு அங்கால யாருக்காவது இப்படி ஒரு ஆச்சியத் தெரியுமெண்டா எழுதுங்க. மழை கொஞ்சம் விட்டா ஞாயிறு குருமண்வெளித் துறையால பாதை (ஆத்தக் கடக்கிற மிதவை) ஏறி நானும் ஒருக்காப் போய்க் கேட்டுப் பாக்கப் போறன்.