மழையே இல்லை, விடியக்காலையில் கூரை மட்டும் சொட்டுகிறது

தலவாக்கலைப் பொடியன்:
போன வருசம் தோட்டத்து லயத்தை (ஒட்டினாற்போல் வரிசையாக இருக்கும் வீடுகளை) விட்டு 7 பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு வந்தோம். பிளாக் கல் சுவர், தகரக் கூரை, சீலிங் இன்னும் அடிக்கவில்லை. தை பிறந்ததிலிருந்து ரெண்டு தொல்லை. லயத்துக் காம்பராவை விட இங்கே ராத்திரியில் குளிர் அதிகம், ரெண்டு கம்பளி போர்த்தியும் அம்மாவுக்குப் போதவில்லை. அடுத்தது, மழை இல்லாத ராத்திரியில்தான் நாலு மணிக்கு மேல் கூரை சொட்டுகிறது. டோர்ச் அடித்துப் பார்த்தால் தகரத்தின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், அது சரிவில் வழிந்து ரீப்பைக் கட்டையில் முட்டி, சரியாக என் தலையணைக்கே விழுகிறது. ஆணி ஓட்டையெல்லாம் சிலிக்கன் வைத்து அடைத்தாயிற்று. மழை பெய்தால் ஒழுகுவதே இல்லை! கூரை அடித்த மேசன் பாஸ் தகரம் மட்டமான சாமான் என்கிறார். மாற்ற வேண்டுமா?

சுண்ணக்கட்டி:
தம்பி, தகரத்தில் குறையில்லை, அது வியர்க்கிறது. முகில் இல்லாத ராத்திரியில் கூரை தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும், கதிர்வீச்சு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான். மெல்லிய தகரத்தில் சூடு தங்குவதும் இல்லை, அதனால் வெளிக்காற்றை விடவும் சில பாகை குளிர்ந்து போகும். நுவரெலியாவில் உறைபனி பிடித்த காலையில் பாருங்கள், வெட்டவெளிப் புல் வெள்ளையாக இருக்கும், மரத்தடிப் புல் பச்சையாகவே இருக்கும். மரம் வானத்தை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

உள்ளே உங்கள் மூச்சு, அடுப்பில் கொதிக்கும் தண்ணீர், கொடியில் காயாத படங்கு (தார்ப்பாய்), எல்லாம் சேர்ந்து காற்று ஈரமாக இருக்கிறது. காம்பராவில் 15 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்று வையுங்கள், 11 பாகைக்குக் குளிர்ந்த எதன் மேலும் அந்த ஈரம் தண்ணீராகப் படியும்.

லயத்தில் நடுக்காம்பராவாக இருந்திருந்தால், ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பக்கத்து வீட்டு அடுப்பும் உங்களுக்குச் சேர்த்துத்தான் எரிந்தது. தனி வீட்டில் நாலு சுவரும் வெளியேதான் பார்க்கின்றன. புகையும் நெருக்கமும் போன மாதிரியே அந்தச் சூடும் போய்விட்டது.

ராகலைக் கோவா:
நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். குளிர் வருகிறது என்று சுவருக்கும் தகர வளைவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியெல்லாம் உரச்சாக்கைத் திணித்தேன், ஈரம் போக வழியில்லாமல் சொட்டு கூடிவிட்டது, ரீப்பையில் பூஞ்சணம் வேறு. அப்புறம் சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சீலிங் அடித்து அதன் மூட்டுகளை மட்டும் இறுக்கினேன். சீலிங்குக்கு மேலே காற்று ஓடட்டும், கீழே இருக்கும் சூடும் ஈரமும் அங்கே ஏறக்கூடாது. அதன் மேல் ரிஜிபோம் (வெள்ளை நுரைத் தகடு) பரப்பினால் இன்னும் நல்லது, அதற்குள் அடைபட்ட காற்றுத்தான் சூட்டைத் தடுக்கிறது. அடுப்படிப் பக்கம், வயர் ஓடும் இடம் மட்டும் வேண்டாம், பற்றிக்கொள்ளும். கடையில் மினுங்கும் ஃபொயில் தாளைக் காட்டுவார்கள். மினுங்கும் பக்கம் ஒரு அங்குலமாவது காற்றிடைவெளியைப் பார்க்க வேண்டும், தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தால் காசு வீண்.

சுண்ணக்கட்டி:
ஒன்றை விட்டுவிட்டேன். அம்மாவுக்குக் குளிர் என்று கரிச்சட்டியைக் காம்பராவில் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், கரியிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமே இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

தலவாக்கலைப் பொடியன்:
நேற்று ராத்திரி முகில் மூடியிருந்தது. நாலரைக்கு எழும்பிப் பார்த்தேன், ஒரு சொட்டும் இல்லை! அம்மாவின் காம்பராவுக்கு முதலில் சீலிங் அடிக்கிறேன், சம்பளம் வர வேண்டும். அதுவரைக்கும் பழைய சேலையைக் கூரைக்குக் கீழே கட்டினால் உதவுமா? பாஸ் இன்னும் தகரத்தைத்தான் திட்டுகிறார்.

ராகலைக் கோவா:
சேலை ஊறிப்போகும். படங்கைக் கட்டுங்கள், ஒரு பக்கம் சரிவாக. சரிவின் அடியில் வாளி.