அந்தாதுன்: எல்லாம் தெரிந்த பிறகும் பதற்றம் குறையவில்லையே, எப்படி?

கடைசிபெஞ்ச்:
ஸ்ரீராம் ராகவனின் இந்திப் படம் அந்தாதுன் (2018) பற்றிய இழை. முடிவு வரை எல்லாவற்றையும் பேசப்போகிறோம், படம் பார்க்காதவர்கள் இப்போதே திரும்பிவிடுங்கள்.

நண்பர்கள் சேர்ந்து 12 நிமிடக் க்ரைம் குறும்படம் ஒன்று எழுதுகிறோம். கடைசி நிமிடத்தில் வெடிக்கவேண்டிய ட்விஸ்டைக் கதை கேட்பவர்கள் மூன்றாம் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்தாதுனில் பார்வையில்லாதவனாக நடிக்கும் பியானோ கலைஞன் ஆகாஷுக்குக் கண் தெரியும் என்பதைச் சீக்கிரமே சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் இருக்கையின் நுனியில் உட்கார்ந்துதான் பார்க்கிறோம். இதை எப்படிப் பிரித்துப் படிப்பது? இன்னொன்று, சிமி விபத்தில் செத்தாள், தனக்கு இன்னும் பார்வை இல்லை என்று முடிவில் ஆகாஷ் முன்னாள் காதலி சோஃபியிடம் சொல்வது உண்மையா, பொய்யா?

நிழல்வரி:
நீங்கள் ட்விஸ்டை ஒளித்துவைக்கப் பார்க்கிறீர்கள், அந்தப் படம் அதைச் செய்யவே இல்லை. ஆகாஷின் பொய் நமக்குத் தெரியும், காதலன் மனோகரோடு சேர்ந்து கணவரைக் கொன்ற சிமிக்கு (தபு) தெரியாது. மொத்தப் பதற்றமும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கொலை நடந்த வீட்டில் ஆகாஷ் வாசிக்கும் பியானோ காட்சியை மட்டும் மூன்று முறை பாருங்கள்.

முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு. சிமியும் மனோகரும் வாய் திறக்காமல் சைகையிலேயே பேசிக்கொண்டு உடலை அப்புறப்படுத்துவது கிட்டத்தட்ட மௌனப்பட நகைச்சுவை மாதிரி இருக்கும். தபுவின் முகத்தைக் கவனியுங்கள். பயத்தைவிட, வேலையை முடிக்கவேண்டுமே என்ற அவசரம்தான் அதில் அதிகம்.

இரண்டாம் முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும். நிஜமாகவே பார்வையில்லாத ஒருவருக்கு அந்த அறையில் என்ன தெரிந்திருக்கும்? அதைத் தாண்டி ஆகாஷ் ஒரு இம்மியளவு எதிர்வினை காட்டினாலும் உயிர் போய்விடும். அவன் இருக்கும் கத்திமுனை அப்போதுதான் புரியும்.

மூன்றாம் முறை ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொண்டு: ஆகாஷ் பார்த்தது, பார்த்ததாக வெளியே காட்டிக்கொள்வது, எதிரில் இருப்பவர் நம்புவது. மூன்றும் ஒரே நேரத்தில் வேறுவேறாக இருக்கும் ஷாட்களைக் குறித்துவையுங்கள். கழிப்பறைக்குள் நுழைந்து, துப்பாக்கியோடு நிற்கும் மனோகரைப் பார்த்தும் பார்க்காததுபோல அவன் நிற்கும் இடம் அதற்குச் சரியான உதாரணம். அவன் அங்கே செய்யவேண்டியதெல்லாம் எதையும் செய்யாமல் இருப்பதுதான். திரைக்கதையில் அதைவிடக் கடினமான செயல் கிடையாது.

உங்கள் கதைக்கும் இதே மூன்று பத்தியைப் போட்டுப் பாருங்கள். பல பக்கங்களுக்கு மூன்றும் ஒன்றாகவே இருந்தால் சிக்கல் அங்கேதான்.

மாலைக்காட்சி:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தப் படத்துக்கு மூலக்கதை லக்கோர்தர் என்ற 2010-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குறும்படம், ஒலிவியே த்ரெய்னர் இயக்கியது. ஏறக்குறைய கால் மணி நேரம்தான். உங்கள் அளவுக்கு அதுதான் பொருத்தமான பாடம். அந்தாதுனின் முதல் பாதியில் வரும் இக்கட்டோடு அது முடிந்துவிடும். ஆகாஷ் பியானோவை விட்டு எழுந்ததும் என்ன நடக்கும் என்பதுதான் ராகவன் குழு சேர்த்தது. குருடனாக நடித்தவன் நிஜமாகவே பார்வை இழக்கிறான். சிறிய பொய்க்குப் பெரிய விலை, இதுதான் நுவார் எனப்படும் இருண்ட குற்றப்பட வகையின் ஆணிவேர். இருட்டுத் தெருவும் மழையும் தொப்பியும் இருந்தால்தான் நுவார் என்பதில்லை. இங்கே முதல் கொலை பட்டப்பகலில், புனேயில் வசதியான ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள் நடக்கிறது.

உறுப்புத் திருட்டுக் கும்பல் வந்ததும் படம் தளர்கிறது என்று பலர் சொல்வார்கள். ஓரளவு சரிதான். மனோகர் சாகும் லிஃப்ட் காட்சியில் தற்செயல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. ஆனால் கல்லீரலைப் பற்றிய வாசகத்தோடுதான் படமே தொடங்குகிறது, அதனால் அந்தக் கும்பல் வானத்திலிருந்து குதிக்கவில்லை.

முடிவுக்கு வருவோம். ஆகாஷ் சொல்வது பொய் என்பதே என் கட்சி. அவன் கதைப்படி, சிமி அவனை இறக்கிவிட்டு, அவன்மேல் ஏற்றக் காரைத் திருப்பிக்கொண்டு வருகிறாள். வேடன் சுட்ட முயல் கண்ணாடியில் வந்து மோதுகிறது. பார்வையில்லாமல் சாலையில் நிற்பவனுக்கு மோதியது முயல் என்று எப்படித் தெரியும்? கைத்தடியின் முனையில் முயல் தலை. கடைசி ஷாட்டில் வழியில் கிடக்கும் டப்பாவைக் குறிபார்த்துத் தட்டிவிடுகிறான்.

நிழல்வரி:
டப்பா சரி, அவனுக்குப் பார்வை இருக்கிறது என்பதற்கு அதுவே போதும். ஆனால் 'அவனுக்கு எப்படித் தெரியும்' என்ற வாதத்தை எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள். மனோகரின் வீட்டில் அவன் மனைவி சண்டை போடும் காட்சியில் ஆகாஷ் இல்லை. அதையும் பொய் என்பீர்களா? அவன் இல்லாத இடங்களுக்கும் படம் ஆரம்பத்திலிருந்தே போய்வருகிறது. கேள்வியைக் கொஞ்சம் குறுக்குங்கள்: உறுப்புத் திருட்டுக் கும்பலின் டாக்டருடைய காரில் ஏறியதற்குப் பிறகு நடந்ததற்கு ஆகாஷைத் தவிர உயிரோடு சாட்சி யார்? சோஃபிக்கு யாரும் இல்லை. நமக்கு அந்த முயலாவது இருக்கிறது, ஏனென்றால் படம் திறப்பதே முயல் வேட்டையில்தான். அந்த வேட்டை நிஜமாக நடந்ததா, ஆகாஷின் கதையில் ஒரு துண்டா என்று படம் உறுதி செய்வதே இல்லை. இரண்டு பக்கமும் வாதாட ஆதாரம் வைத்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் முடிவும் இரண்டு விதமாகப் படிக்கப்படவேண்டுமென்றால், இரண்டு வாசிப்புக்கும் குறைந்தது ஒவ்வொரு ஆதாரம் முன்பே திரையில் வந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது மர்மமாக இருக்காது, குழப்பமாகத்தான் இருக்கும்.

லென்ஸ்கேப்:
ஒளி பற்றி யாரும் பேசவில்லையே. ஒளிப்பதிவு கே.யு. மோகனன். நுவார் என்றதும் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவதுதான் குறும்படங்கள் செய்யும் முதல் தவறு. சிறிய கேமரா சென்சாரில் கறுப்பு கறுப்பாக வராது, புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். ஒரு ஜன்னல் போதும். நடிகரை அதற்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, மறுபக்கம் முகத்துக்கு இரண்டு மூன்று அடி தள்ளிக் கறுப்புத் துணி கட்டுங்கள். சுவரிலிருந்து எகிறிவரும் வெளிச்சத்தைத் துணி விழுங்கிவிடும், முகத்தின் பாதி தானாக நிழலுக்குள் போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) குறையுங்கள், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறன்) 800-க்கு மேல் ஏற்றாதீர்கள். கறுப்புச் சட்டைக்காரரைக் கறுப்புப் பின்னணியில் நிறுத்தினால் தலை மட்டும் மிதக்கும். பின்னால் ஒரு மேசை விளக்கு வைத்தால் தோள் கோடு பிரிந்து தெரியும்.

இதன் தமிழ் மறு ஆக்கம் அந்தகன் (2024) பார்த்துவிட்டீர்களா? அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம். இந்தியில் சிமியின் கணவரான பழைய நடிகராக வரும் அனில் தவனுக்கு அவருடைய சொந்தப் பழைய பாடல்களையே பயன்படுத்தியிருந்தார்கள். தமிழில் கார்த்திக் வந்ததால் அந்த நினைவு நம்முடையதாகிவிட்டது. கொல்லப்படுபவர் மேல் சட்டென்று பாசம் வர அது பெரிய உதவி.

கடைசிபெஞ்ச்:
மூன்று பத்தி போட்டுப் பார்த்தோம். முதல் எட்டு நிமிடத்துக்கு மூன்றும் ஒன்றேதான்! நாயகனின் பொய்யை இரண்டாம் நிமிடத்துக்கே கொண்டுவருகிறோம். ஆனால் பியானோ வாசிக்கத் தெரிந்த நடிகர் எங்களிடம் இல்லை. ஆயுஷ்மான் குரானா கற்றுக்கொண்டு வாசித்தாராம், எங்களுக்கு அவ்வளவு நாள் கிடையாது.

நிழல்வரி:
பியானோவே வேண்டாம். பியானோ அங்கே செய்யும் வேலை, இசை நின்றால் சந்தேகம் வரும் என்பதுதான். நின்றால் காட்டிக்கொடுக்கும் சத்தமுள்ள எந்த வேலையும் போதும். தையல் மெஷின் யோசியுங்கள். கால் மிதிக்கும்வரை சத்தம் ஓடும், பார்க்கக்கூடாததைப் பார்த்ததும் கால் தடுமாறும், தையல் கோணும். அந்தக் கோணல் தையலை நான்காம் நிமிடத்தில் குளோசப்பில் காட்டிவிட்டு, பத்தாம் நிமிடத்தில் அந்தத் துணியைக் கொலைகாரன் கையில் கொடுங்கள். ஒன்று முக்கியம்: மெஷின் சத்தத்தைப் படப்பிடிப்பிலேயே தனியாக ஐந்து நிமிடம் பதிவுசெய்துகொள்ளுங்கள். வசனத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால் எடிட்டிங்கில் வெட்டும் இடமெல்லாம் சத்தம் குதிக்கும்.