"சிஸ்டர் யாரும் இல்லையா?"

நான் ஓர் ஆண். பதினொரு ஆண்டுகளாக மருத்துவ உதவியாளராக வேலை பார்க்கிறேன். கதவைத் திறந்து அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டதும் சிலர் "வணக்கம், டாக்டர்" என்று எழுந்து வருவார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால், டாக்டரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிடுவார்கள். வேறு சிலர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சிஸ்டர் யாரும் இல்லையா?" என்பார்கள்.

முதல் ஆண்டில் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அது மாறியது ஒரு இ.சி.ஜி. நாளில்.

நெஞ்சு படபடக்கிறது என்று அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தேன். மேல் எண் 172. அடுத்தது இ.சி.ஜி. இதயத்தின் மின்துடிப்பை வரைந்து காட்டும் அந்தப் பரிசோதனைக்குத் தோலில் பத்து எலக்ட்ரோடுகள் (மின்முனைகள்) ஒட்ட வேண்டும். கை கால்களில் நான்கு, மார்பில் ஆறு. மார்பில் நான்காவது எலக்ட்ரோடு ஐந்தாவது விலா இடைவெளியில், பெண்களுக்குப் பெரும்பாலும் இடது மார்பகத்தின் அடியில் வரும். கூச்சத்தில் அதைச் சற்று மேலே ஒட்டிவிட்டால் வரைபடமே மாறக்கூடும்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேலாடையின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார். அதற்கு முன்பெல்லாம், வாய் திறந்து மறுக்காவிட்டால் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்று அந்த விரல்களைப் பார்த்துவிட்டேன். "அம்மா, பக்கத்து அறையில் பெண் உதவியாளர் இருக்கிறார். அவரை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

இ.சி.ஜி. முடிந்ததும் அவரை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னேன். பாதங்கள் தரையில், கை இதயத்தின் மட்டத்தில், ஐந்து நிமிடம் பேச்சே இல்லாமல். மறுபடி பார்த்தபோது 140. முதல் தடவை அவசரமாகப் பார்த்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த 172-இல் என்னைக் கண்ட பயமும் கலந்திருந்தது என்றே நம்புகிறேன். நான் கேட்காமல் இருந்திருந்தால் அந்த எண்தான் டாக்டரின் மேசைக்குப் போயிருக்கும்.

அதன் பிறகு, நோயாளி கேட்கும் வரை நான் காத்திருப்பதில்லை. நானே கேட்டுவிடுகிறேன்.

இன்றும் என்னை நோகடிப்பது வேறொன்று. கனமான நோயாளியைத் தூக்க வேண்டும், போதையில் கத்துகிறவரைப் பிடிக்க வேண்டும் என்றால் மட்டும் முதலில் என் பெயர் வரும். ரத்தம் எடுக்க ரத்தக்குழாய் கிடைக்காத நோயாளிக்கு அந்தப் பெயர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அதில்தான் எனக்குக் கை தேர்ந்திருக்கிறது.

* * *

நான் நோயாளியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "பெண் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அப்படிக் கேட்டபோது உதவியாளர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். அடுத்த ஆறு மாதம் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டேன்.

* * *

நானும் மருத்துவ உதவியாளர்தான். என் பயிற்சி வகுப்பில் ஆண் நான் ஒருவன்தான். "டாக்டர் ஆகும்வரை இது ஒரு படிக்கட்டா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். இல்லை, இதுதான் என் வேலை.

ஜோ ஹோகனின் வழக்கைப் படித்தது அப்போதுதான். ஆண் என்பதற்காக மிசிசிப்பி பெண்கள் பல்கலைக்கழகம் அவருக்கு நர்சிங் படிப்பில் இடம் தர மறுத்தது. 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். செவிலியர் பணி பெண்களுக்கே உரியது என்ற பழைய எண்ணத்தை இந்த மறுப்பு நிலைக்கச் செய்கிறது என்றார் அவர். அந்த வரியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

பெண்களின் கூச்சத்தைப் பற்றியே பேசுகிறோம். ஆண்களின் கூச்சமும் உயிரைக் குடிக்கும். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், வந்த காரணம் என்ற இடத்தில் "தலைவலி" என்று எழுதியிருந்தார். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றவர், எண்ணைப் பார்ப்பதுபோல் குனிந்தபடி, "தம்பி, சிறுநீரில் ரத்தம் போகிறது" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். நான்கு மாதம். வலி இருக்கிறதா? இல்லை. வலி இல்லாததால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்திருக்கிறார். வரவேற்பு மேசையில் இருந்த இளம்பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தலைவலி என்று எழுதினாராம்.

வலியில்லாமல் ரத்தம் போவது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதை அவரிடம் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. தலைவலியை அடித்துவிட்டு அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். தாளை மற்றவற்றோடு அடுக்கில் வைக்காமல், நேராக டாக்டரின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.