இரண்டே கால் மணி நேரத்தில் முடிக்கிற கதையை ஏன் மூன்று மணி நேரம் இழுக்கிறார்கள்?

பாலக்கோட்டுக்காரன்:
போன ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்கு மாலைக் காட்சிக்குப் போனேன். ஆறரை என்று போட்டுவிட்டு விளம்பரமெல்லாம் முடிந்து படம் ஆரம்பிக்கவே ஏழு ஆகிவிட்டது. இடைவேளை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் ஒரு பிளாஷ்பேக், அதற்குள்ளே ஒரு பாட்டு, ஜவ்வு மாதிரி இழுத்துவிட்டார்கள். அம்மா முழங்காலை நீவிக்கொண்டே "இன்னும் எவ்வளவு நேரம்டா" என்று மூன்று தடவை கேட்டார். பாலக்கோட்டில் இறங்கினால் எங்கள் ஊருக்குப் போகிற டவுன் பஸ் போய்விட்டது, ஆட்டோவுக்கு 250 ரூபாய். 2024இல் வந்த இந்தியன் 2 மூன்று மணி நேரம், ரிலீஸ் ஆன பிறகு 12 நிமிடத்தை வெட்டினார்கள். அதை முதலிலேயே வெட்டியிருக்கக் கூடாதா? உங்களுக்கெல்லாம் எப்படி இருக்கிறது?

காவேரிப்பட்டணம்:
அண்ணா, இழுவை வேறு, நீளம் வேறு. மெய்யழகனும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்தான், ராத்திரி முழுக்க இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான் படம். நீளம் நீளம் என்று எல்லோரும் சொல்லி 18 நிமிடம் போல வெட்டிவிட்டார்கள். நான் முதல் நாளே அப்பாவோடு கிருஷ்ணகிரியில் முழுசாகப் பார்த்தேன். வரும் வழியில் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து, நிலத் தகராறில் ஏழு வருடமாகப் பேசாத சித்தப்பாவுக்குப் போன் போட்டார். அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிப்போனபோது வெட்டின படம்தான் ஓடியது, எனக்கு மூச்சு விட இடமில்லாத மாதிரி இருந்தது. அந்தப் படத்துக்கு அந்த நேரம் வேண்டும்.

ஓசூர் பையன்:
புஷ்பா 2 மூன்று மணி இருபது நிமிடம், எனக்கு நேரம் போனதே தெரியவில்லை.

அரூர்:
எங்கள் அப்பா டென்ட் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும், மூன்று மணி நேரப் படம் என்றால் 16,000 அடிக்கு மேல். ஒவ்வொரு அடிக்கும் காசு, அப்படியும் அந்தக் காலத்தில் நீளமாகத்தான் எடுத்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் நேரமாகிவிட்டால் ஏதாவது ஒரு பாட்டை விட்டுவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவார்கள் என்று அப்பா சொல்வார். ஜனங்கள் விடமாட்டார்கள், மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து கத்துவார்கள். ஆகவே பாலக்கோட்டுத் தம்பி, நீளமாக எடுப்பதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஆறரை என்று போட்டால் ஆறரைக்குப் படம் ஓட வேண்டும், அதில் நான் உங்கள் பக்கம்தான்.

பாலக்கோட்டுக்காரன்:
காவேரிப்பட்டணம் தம்பி, உங்கள் அப்பா போன் போட்டதைப் படித்த பிறகு மெய்யழகனை அம்மாவோடு வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். தியேட்டர் என்றால் இனிமேல் பகல் காட்சிதான், பஸ் இருக்கும்.