கூடுவாஞ்சேரி தனி வீடா, மேற்கு மாம்பலம் ஃபிளாட்டா?

வணக்கம். எங்கள் பட்ஜெட்டுக்கு அமைந்தது இரண்டே இடம். கூடுவாஞ்சேரியில் 1,200 சதுர அடி தனி வீடு. மேற்கு மாம்பலத்தில் 580 சதுர அடி ஃபிளாட், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

தனி வீட்டின் பின்பக்கம் ஒரு முருங்கை மரம். அதைப் பார்த்ததிலிருந்து என் மனைவிக்கு வேறு பேச்சே இல்லை. எனக்கோ நுங்கம்பாக்கத்தில் வேலை. மின்சார ரயிலில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதைக்கூடச் சமாளிக்கலாம். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. மாம்பலத்தில் படி ஏறுவாரா?

கூடுவாஞ்சேரிப் பக்கம் இருப்பவர்களே, மே மாதம் போர் தண்ணீர் வருமா, லாரிதானா? அப்புறம், 30 வருடப் பழைய ஃபிளாட்டுக்கு லோன் வாங்கியவர்கள் யாராவது உண்டா? யுடிஎஸ் (மனையில் அந்த ஃபிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) 290 சதுர அடி என்கிறார்கள், அது போதுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.